முறைப்படி வெளிப்படுத்தப்பட்ட வீடு

இந்தப் புருவம்தான் என்னைக் கவிழ்க்கப் போகிறது. வாய் சொன்னபடி கேட்கிறது. கன்னங்கள்கூடப் பரவாயில்லை. இடது புருவம் மட்டும் யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல நடந்துகொள்கிறது. எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் மேலே போகிறது. நான் எதையாவது மென்று விழுங்கினாலும் மேலே போகிறது. பசை வைத்து ஒட்டிவிடலாமா?

பயிற்சி வகுப்பின் பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்று அவள் இப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிப்பதும் முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

“புது ஏஜென்ட்! புருவம்!” என்று பின்னாலிருந்து அதட்டினார் பயிற்சியாளர் அம்மா.

புருவம் இறங்கியது. கூடவே மனமும்.

வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டுகளை ஒழுங்குபடுத்த ஒரு வாரியம் இருந்தது. வீட்டு விற்பனை முகவர்களுக்கான வெளிப்படுத்தல் மற்றும் இரகசியக் காப்பு வாரியம் என்று பெயர். இதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்களை வாரியமே வேலைக்கு எடுத்துக்கொண்டது. கட்டடத்தின் முகப்பில் இடது பக்கச் சுவரில் ‘வாங்குபவரிடம் எதையும் மறைக்காதே’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வலது பக்கச் சுவரில், அதே அளவு எழுத்தில், ‘விற்பவர் சொன்ன எதையும் வெளியே விடாதே’. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. எல்லோரும் அதன் வழியாகத்தான் உள்ளே போய்வந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அவளுடையது தற்காலிக லைசென்ஸ். நிரந்தரமாக வேண்டுமென்றால் முகநடுநிலைத் தேர்வில் தேற வேண்டும். அப்புறம் ஒரு வீட்டின் குறைகளை முறைப்படி வெளிப்படுத்தி அதை விற்க வேண்டும்.

“வீட்டுல கரையான் இருக்கு. உங்களுக்குத் தெரியும். வாங்க வந்தவர் உங்க முகத்தைப் பார்க்கிறார். முகம் எப்படி இருக்கணும்?” என்று கேட்டார் பயிற்சியாளர் அம்மா.

“கவலையா இருக்கணும், மேடம்.”

“அது ரகசியத்தைக் கசிய விடறது.”

“சிரிச்சுக்கிட்டு?”

“அது மோசடி.”

“அப்ப?”

“சுவர் மாதிரி இருக்கணும்.”

“கரையான் இருக்கிற சுவர் மாதிரியா, இல்லாத சுவர் மாதிரியா மேடம்?”

பயிற்சியாளர் அம்மா அவளைப் பார்த்தார். அவருடைய முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாரியத்தில் அவருக்கு மூன்று பதக்கங்கள் கொடுத்திருந்தார்கள்.

“வெள்ளையடிச்ச சுவர் மாதிரி,” என்றார்.

அவள் வீட்டிலும் அந்த முகத்தைப் பழகிப் பார்த்தாள். ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அவள் கணவர் அன்று ஆசையாகச் சமைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“உப்பு சரியா இருக்கா?”

“உப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தவை உரிய இடத்தில் தெரிவிக்கப்படும்.”

“ஏய், என்ன இது? மூஞ்சி ஈர சிமெண்ட் மாதிரி இருக்கு. கோவமா?”

“கருத்து சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே ருசி பார்த்தார். “உப்பே போடலடி,” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. “வாய தொறந்து சொன்னா என்ன குறைஞ்சிடும் உனக்கு?”

லைசென்ஸ் குறைந்துவிடும். அதை அவரிடம் சொல்லவில்லை. அவளுக்கு இதுவரை கிடைத்த அட்டைகளிலெல்லாம் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று ஒரு வரி இருந்தது. வாரியத்தின் நிரந்தர அட்டையில் அந்த வரி கிடையாது. படம், அதன் கீழே ‘முகவர்’. அவ்வளவுதான். இந்த வயதில் அப்படியொரு சின்ன அட்டைக்காக மனம் இப்படி அடித்துக்கொள்ளும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. இந்த வேலை தனக்குச் சுலபமாக வரும் என்று நம்பித்தான் சேர்ந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட அவளிடம் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவார்கள். சொன்னவர்கள் லேசாகி இறங்கிப் போவார்கள். அவள் கொஞ்சம் கனமாகி அடுத்த நிறுத்தம்வரை உட்கார்ந்திருப்பாள். பிறர் சொன்னதையெல்லாம் வைத்திருக்க உள்ளே இவ்வளவு இடம் இருக்கிறதே, அதற்கு ஒரு சம்பளம் கிடைத்தால் என்ன என்று நினைத்தாள்.

முகநடுநிலைத் தேர்வில் தேறினாள். கடைசி நேரத்தில் தலைமுடியை இடது புருவத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டதுதான் காப்பாற்றியது.

முதல் வீடு மெதுவா சாருடையது. ஓய்வுபெற்றவர். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். யார் வந்தாலும், எதைத் தொட்டாலும், “மெதுவா, மெதுவா” என்பார். அது அவருடைய சுபாவம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவள் போனபோது அவரும் மனைவியும் கதவை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலச் சாத்தினார்கள். கதவின் விளிம்பு முழுக்கப் பழைய துணி சுற்றியிருந்தது. ஃபிரிட்ஜின் காலடியில் சாக்கு மடித்து வைத்திருந்தது. பேச்சு நடுவில் அந்த அம்மாவுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேகவேகமாக நுனிக்காலில் நடந்து, தோட்டத்துக்குப் போய் அங்கே ஒரு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்ககிட்ட மட்டும் சொல்றேன்மா,” என்றார் மெதுவா சார். “ரகசியமா வெச்சுக்கணும்.”

பின்னறைக்கு அழைத்துப் போனார். கூரையைத் தாங்கும் உத்தரத்தில், நடுவில், ஒரு விரிசல் வாய் பிளந்திருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு பீரோ. பீரோவுக்கு மேலே தடித்தடியான பழைய அகராதிகள், உத்தரத்தை முட்டும்வரை.

“எந்தக் கதவை ஓங்கிச் சாத்தினாலும் மேலேர்ந்து காரை கொட்டும். மழைக்காலத்துல இன்னும் மோசம். நாங்க ரெண்டு பேரும் பழகிட்டோம். இவ சத்தமா சிரிச்சு எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? சிரிப்பு வந்தா மொட்டை மாடிக்குப் போவா. அப்புறம் மாடியும் வேணாம்னுட்டேன்.”

“இப்ப சிரிப்பு வந்தா?” என்று கேட்டாள்.

“இப்ப வர்றதில்ல,” என்றார் அந்த அம்மா.

வாரிய விதிப்படி, விற்பவர் ‘ரகசியம்’ என்ற சொல்லை உச்சரித்துவிட்டால் ஏஜென்ட் அன்றே வாரியத்துக்கு போன் செய்து, ஒரு ரகசியம் வந்திருப்பதாகத் தெரிவிக்க வேண்டும். என்ன ரகசியம் என்று சொல்லக் கூடாது. அவள் தெரிவித்தாள். மறுமுனையில் ஒரு குரல், “பெரிசா, சின்னதா?” என்றது.

“பெரிசு.”

“பத்திரமா வெச்சுக்குங்க. இனிமே அது எங்களுது.”

வாங்க வந்தது தையல்கார அக்கா. தையல் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் வைத்து வாடகை வீட்டில் கடை நடத்துகிறவர். கணவர் லாரி ஓட்டுகிறார். பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. வந்தால் தூங்குவார். கூடவே இரட்டைப் பெண் குழந்தைகள். அக்கா அவர்களை இடி, மின்னல் என்று கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் அந்தப் பெயர்களுக்கு விளக்கம் தேவைப்படாமல் போனது.

விதிப்படி அவள் முதலில் பொதுத் தகவல்களை உரக்க வாசிக்க வேண்டும்.

“இந்த வீட்டுக்கு வாசல் உண்டு. வாசல் வழியாக வெளியாட்கள் உள்ளே வர வாய்ப்பு உண்டு. ஜன்னல்களைத் திறந்தால் காற்றும், காற்று இல்லாத நேரங்களில் காற்றின்மையும் வரக்கூடும். வீட்டுக்கு மேலே வானம் உள்ளது. அதிலிருந்து மழை பெய்யக்கூடும். பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கறுப்பு நிறம்…”

“பூனை எங்க?” என்றது மின்னல்.

“தோட்டத்துல,” என்றது இடி. இரண்டும் பின்னறை வழியாகப் பாய்ந்தன.

மின்னல் முன்னால் ஓடியது. இடி பின்னால் வந்து, கதவை உதைத்துச் சாத்தப் போனது. அவள் வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு ஓடி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தன் கையை வைத்தாள்.

கதவு சத்தமில்லாமல் நின்றது.

வலி தோள்வரை போனது. கண்ணில் தண்ணீர் முட்டியது. முகநடுநிலையில் அப்போதுதான் தேறியிருந்தாள். வெள்ளையடித்த சுவர்போல நின்றாள்.

“ஐயோ, கை நசுங்கிடுச்சே! வலிக்குதாம்மா?”

“கருத்து இல்லை, அக்கா.”

தையல்கார அக்கா அவளுடைய விரல்களைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்; அவர் நின்ற இடத்திலிருந்து அகராதி அடுக்குதான் தெரிந்தது, விரிசல் தெரியவில்லை. “நல்ல பெரிய ரூம். மெஷின் ரெண்டையும் இங்கதான் போடணும். ராத்திரி இதுங்க இங்கயே படுத்துக்கும்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மேலேயிருந்து ஒரு துண்டுக் காரை இடியின் தலையில் விழுந்தது. குழந்தை அதை எடுத்து நாக்கால் தொட்டுப் பார்த்தது.

பின்னால் நின்றிருந்த மெதுவா சார் கண்களை மூடிக்கொண்டார்.

“உண்மையச் சொல்லு தங்கச்சி,” என்றார் அக்கா. “வீட்டுல ஏதாவது கோளாறு இருக்கா? நீ சொல்றதை வெச்சுத்தான் வாங்கப் போறேன். எனக்கு வீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. துணின்னா பிரிச்சுப் பார்த்துச் சொல்லிடுவேன்.”

அவளுடைய வாய் துறுதுறுத்தது. நசுங்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். இப்போது சொன்னால் அட்டை போகும். முறைப்படி சொல்லலாமே, அதற்குத்தானே ஒரு வாரியமே இருக்கிறது. அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சமாதானம் எவ்வளவு வசதியாக வந்து உட்கார்ந்தது என்பதை அன்றிரவு நினைத்தபோதுதான் கூசியது.

“வெளிப்படுத்தும் நாள்னு ஒண்ணு இருக்கு அக்கா. அன்னிக்கு எல்லாத்தையும் சொல்லுவேன்.”

“சரி, உன்னை நம்பறேன்,” என்றார் அக்கா. இது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாளே வாரியத்துக்கு ஓடினாள். ஓர் அறையில் இரண்டு மேசைகள், இரண்டு நாற்காலிகள். ஒன்று வெளிப்படுத்தல் அலுவலருடையது, மற்றது ரகசிய அலுவலருடையது. இரண்டாவது இடம் காலியாகவே இருந்ததால் ஒரே மனிதர் இரண்டையும் பார்த்துக்கொண்டார். வெளிப்படுத்தல் நாற்காலியில் கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி அணிவார், ரகசிய நாற்காலியில் பழுப்புச் சட்டம். மற்றபடி அவரேதான்.

“உட்காருங்கம்மா,” என்றார் கறுப்புச் சட்டத்தில். “என்ன குறை அந்த வீட்டுல? மறைக்காம சொல்லுங்க. மறைச்சா நடவடிக்கை எடுப்பேன்.”

“சார், பின்னறை உத்தரத்துல விரிசல். இடிஞ்சு விழுந்துடும் போல இருக்கு. அவங்களுக்குச் சின்னக் குழந்தைங்க…”

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்தார். மேசையைச் சுற்றி நடந்து மற்ற நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

“என்னம்மா இது? ரகசியத்தை வெளிய சொல்லிட்டிருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“உங்ககிட்டத்தானே சார் சொன்னேன்?”

“என்கிட்ட எங்க சொன்னீங்க? வெளிப்படுத்தல் அலுவலர்கிட்ட சொன்னீங்க. அந்த ஆள் ஓட்டவாய். அவர்கிட்டப் போயா சொல்லுவாங்க?”

“அவர் கேட்டாரே சார்.”

“கேப்பார். கேக்கறது அவர் கடமை. சொல்லாம இருக்கறது உங்க கடமை. ரெண்டு பேரும் அவங்கவங்க கடமையைச் செஞ்சா நாடு உருப்படும்.”

“அப்ப வாங்கறவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு அவர்கிட்ட நீங்களே கேட்டுச் சொல்லுங்க சார்.”

அவர் முகம் சுருங்கியது. “எங்க ரெண்டு பேருக்கும் இப்ப பேச்சு வார்த்தை இல்லம்மா. பதவி உயர்வு விஷயத்துல அவர் எனக்குக் குழி பறிச்சிட்டார்.”

கதவு மெதுவாக, மிகமிக மெதுவாகத் திறந்தது. மெதுவா சார் நின்றிருந்தார்.

“சார், எனக்குத் தூக்கமே வரல,” என்று கிசுகிசுத்தார். வெளியிலும் அவருக்கு அப்படித்தான் பேச வந்தது. “அந்தக் குழந்தை காரையைத் தின்னுது சார். விலை குறைஞ்சா குறையட்டும். என் வீட்டைப் பத்தி நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்.”

“எதைச் சொல்லுவீங்க?”

“விரிசலை.”

“வீடு உங்களுது. உத்தரம் உங்களுது. விரிசல்கூட உங்களுதுதான், நாங்க அதுல கை வைக்கல. விரிசலைப் பத்தின தகவல் மட்டும் வாரியத்துக்குச் சொந்தம். ஏஜென்ட் போன் பண்ணின அன்னிக்கே கைமாறிடுச்சு. பார்க்கப் போனா, அன்னியிலேர்ந்து நீங்க அதை அனுமதியில்லாம தெரிஞ்சு வெச்சிருக்கீங்க.”

“என் தலைக்கு மேல சார் இருக்கு அது!”

“அண்ணாந்து பார்க்காம இருக்கலாமே?”

மெதுவா சார் அண்ணாந்து பார்க்கப் போய், பாதியில் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

“மீறிச் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாங்க இரக்கம் இல்லாதவங்க இல்ல. இந்தம்மாவோட லைசென்ஸ்தான் போயிடும்,” என்றார் அலுவலர்.

மெதுவா சார் அவளைப் பார்த்தார். அவளுடைய வீங்கிய விரல்களைப் பார்த்தார். “அப்ப வேணாம்,” என்று இன்னும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, வந்ததுபோலவே ஓசையில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவர் கத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தன்னால் ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு போகிறார். இதுவரை அவளிடம் எல்லோரும் சொல்லிவிட்டு லேசாகித்தான் போயிருக்கிறார்கள். இவர் மட்டும் கனத்தோடேயே போகிறார்.

“கவலைப்படாதீங்கம்மா,” என்றார் அலுவலர், கறுப்புச் சட்டத்துக்கு மாறி. “வெளிப்படுத்தும் நாள்ல நீங்க வாங்கறவங்க முன்னாடியே எல்லாத்தையும் சொல்லலாம். ஒரு வார்த்தை விடாம சொல்லணும். அது சட்டம்.”

அவளுக்கு உயிர் வந்தது.

வெளிப்படுத்தும் நாளன்று வாரியத்தின் கூடத்தில் கூட்டம். கூடத்தின் நடுவில் கண்ணாடியாலான ஓர் அறை, உள்ளே ஒரு நாற்காலி. வெளியே பெஞ்சில் வாங்குபவர்கள். தையல்கார அக்கா நல்ல புடவை உடுத்தி வந்திருந்தார். இடியும் மின்னலும் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, மூச்சால் பனி பிடிக்க வைத்து, அதில் பூனை வரைந்துகொண்டிருந்தன. கடைசி வரிசையில் மெதுவா சாரும் மனைவியும்.

அவளுக்கு முன்னால் ஒரு பழம் தின்று கொட்டை போட்ட ஏஜென்ட் உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். விளிம்பெல்லாம் ரப்பர் வைத்த கனத்த கதவு அது. ‘உதடு மறைப்பான்’ என்ற பெயருள்ள ஒரு மட்டையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார் போலிருக்கிறது. கை ஆடியது. தலை ஆடியது. ஒருமுறை தரையைச் சுட்டிக்காட்டி, இரண்டு கைகளையும் விரித்து, பெரிதாக ஏதோ விழுவதுபோலக் காட்டினார். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“சொன்னதைக் கண்ணால் கண்டீர்களா?” என்று அலுவலர் கேட்டார்.

“கண்டேன்,” என்றார் அந்த வீட்டை வாங்க வந்தவர், மனநிறைவோடு. பக்கத்தில் இருந்தவரிடம், “ரொம்ப விவரமா சொன்னார். கை எல்லாம் ஆட்டி,” என்றார்.

அவள் அலுவலர் பக்கம் திரும்பினாள்.

“இப்படித்தானா சார்?”

“வேற எப்படி?” என்றார் அலுவலர். அன்று இரண்டு கண்ணாடிகளையும் நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். வெறுங்கண்ணோடு அவர் யாரென்று அவருக்கே கொஞ்சம் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “பெரியோர்களே! வெளிப்படைத்தன்மை எங்க மூச்சு. அதை எவ்வளவு நேரம் அடக்கி வைக்க முடியும்னு காட்டினவங்க நாங்க. முன்னெல்லாம் ஏஜென்ட்டுங்க குறைகளை மறைச்சாங்க. இன்னிக்கு அத்தனை குறையும் இந்தக் கண்ணாடி அறைக்குள்ள சொல்லப்படுது. ஒண்ணுகூட வெளிய வந்ததில்ல. போன வருஷம் சில வீடுகள் இடிஞ்சதா வதந்தி கிளப்பினாங்க. எல்லாம் முறைப்படி வெளிப்படுத்தப்பட்ட வீடுகள்! சட்டப்படி பார்த்தா அதெல்லாம் இடியல. ஏற்கனவே தெரிவிக்கப்பட்ட நிலைக்கு வந்து சேர்ந்துது.”

கைதட்டினார்கள். மெதுவா சாரின் மனைவி கையைப் பாதிவரை கொண்டுபோய், சத்தம் வருமே என்று பழக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பிறகு, தான் இருப்பது வேறு கட்டடம் என்பது நினைவுக்கு வந்ததுபோல மேலே கூரையைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. எவ்வளவு காலமாகவோ உள்ளே கிடந்த சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. “சேர்ந்துதாமே!” என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “போய்ச் சேர்ந்துதாமே!” அவர் “மெதுவா, மெதுவா” என்றார். அந்த அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றும் இடியவில்லை. இடியும் மின்னலும் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தன.

“அமைதி!” என்றார் அலுவலர். ஒரு தட்டை எடுத்து அவள் முன் நீட்டினார். அதில் அவளுடைய நிரந்தர அட்டை இருந்தது. “சொல்லிட்டு வந்து எடுத்துக்குங்க.”

அவள் அட்டையைப் பார்த்தாள். முகநடுநிலைத் தேர்வன்று எடுத்த படம். வெள்ளையடித்த சுவர்போல ஒரு முகம். இன்னாருடைய மகளும் இல்லை, மனைவியும் இல்லை, உண்மைதான். யார் என்றும் தெரியவில்லை. வழியில் பார்த்தால் இந்தப் பெண்ணிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். இவளிடம் ஒரு வீட்டைப் பற்றி நம்பிக் கேட்கவும் மாட்டார்கள். அக்கா கேட்டது இவளிடம் இல்லை.

கண்ணாடி அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். உதடு மறைப்பானை மடியில் வைத்துக்கொண்டாள். திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தின் சத்தமெல்லாம் உள்ளே வந்தது: யாரோ இருமுவது, குழந்தைகளின் செருப்பு தரையில் தேய்வது.

“தங்கச்சி பேசப் போறா, சும்மா இருங்கடி,” என்று தையல்கார அக்கா பிள்ளைகளை அடக்கிவிட்டு, முன்னால் சாய்ந்து, கவனமாகப் பார்க்கத் தயாரானார்.

“கதவைச் சாத்துங்கம்மா,” என்றார் அலுவலர்.

இடது புருவம் மேலே போனது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

“கதவு, கதவு! சாத்துங்க!”

வீங்கிய விரல்களால் மட்டையை எடுத்து நாற்காலிக்குக் கீழே வைத்தாள். பிறகு, குரலை உயர்த்தாமலேயே, பெஞ்சிலிருந்த அக்காவுக்குத் தெளிவாகக் கேட்கும்படி சொன்னாள்.

“இல்ல சார். அது திறந்தே இருக்கட்டும்.”